வேலை நின்றதும் குளிசையும் நிற்கிறது

ஹெந்தளை, வத்தளைப் பக்க நோயாளிகளில் பலர் இப்போது பிந்தித்தான் வருகிறார்கள். கால் புண் கறுத்த பிறகு, ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு. சீனி, பிரஷர் குளிசையை எப்போது விட்டீர்கள் என்று கேட்டால், வேலை நின்ற மாதத்தைச் சொல்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்டில் வறுமையில் வாழ்வோர் ஒரே வருடத்தில் 13.1 வீதத்திலிருந்து 25 வீதமாகினர் என்று உலக வங்கி கணித்தது. விலையேற்றத்தின் வேகம் பிறகு தணிந்தது. அன்று விட்ட குளிசையைப் பலர் இன்னும் தொடவில்லை.

இலவசம்தானே?

அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் கிளினிக் நாளில் நாள்கூலி போய்விடும், பஸ் காசும் வேண்டும். இவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.

சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள்

"தலையிடி இல்லை, பிரஷர் இறங்கிவிட்டது." பிரஷர் பெரும்பாலும் எந்த நோவும் காட்டாது. பாரிசவாதம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

"பாதிக் குளிசை போதும்." யார் சொன்னது? மாதம் முழுக்க இழுக்க வேண்டும் என்று நீங்களே எடுத்த முடிவு அது.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சீனிதான்." அவவின் குளிசை அவவின் உடம்புக்கு எழுதியது. அதை விழுங்கினால் உங்களுக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி, மயங்கி விழலாம்.

"இங்கிலிஷ் மருந்து கிட்னியைப் பழுதாக்கும்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கிட்னியைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். உடம்பு உளைவுக்கு பாமசியில் நீங்களாக வாங்கி விழுங்கும் சில நோவுக் குளிசைகளும் அதில் சேரும்.

சீனிக்கென்று கொத்தல ஹிம்புட்டு, பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். குளிசைக்குப் பதிலாக மட்டும் குடிக்காதீர்கள்.

பரிசோதனை

35 வயதைத் தாண்டியவர்கள் சீனி, பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க நிலையங்களில் இலவசம்.

தயவுசெய்து

பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, சீனி போட்ட வெறும் தேத்தண்ணியோடு பகலைக் கடத்தும் அம்மாமாரே, கொஞ்சம் பருப்பும் கீரையுமாவது உங்களுக்கும் எடுத்து வையுங்கள். வேலை போன கவலையில் நித்திரையின்றித் தவிக்கும், கசிப்புப் பக்கம் போகும் அண்ணன்மாரே, மனநல உதவி இலக்கமான 1926க்கு ஒரு அழைப்பு எடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், டொக்டர் முன்னால் வெட்கப்படாதீர்கள். கையில் காசில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் விலை குறைந்த மருந்தை எழுதலாம், அரசாங்க கிளினிக்குக்குக் கடிதம் தரலாம். குளிசை முடிய இரண்டு நாள் இருக்கும்போதே வாருங்கள்.