மின்னியல் காலத்தில் சுகாதாரச் செய்தியும் தமிழும்: மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் ஒரு நோக்கு

முன்னுரை

நோய்த்தடுப்பில் மருந்துக்கும் மருத்துவருக்கும் உள்ள இடம் மொழிக்கும் உண்டு. எந்த அறிகுறியைப் புறக்கணிக்கலாகாது, எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், எந்த மருந்தை எவ்வாறு உட்கொள்ள வேண்டும் என்பனவற்றை மக்கள் தெளிவாக அறியாதவிடத்து, சிறந்த மருத்துவத் திட்டமும் முழுப்பயன் தருவதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சுகாதாரத் தகவலைத் தேடிப் புரிந்து பயன்படுத்தும் திறனில் தாழ்ந்த நிலையில் உள்ளதைக் காட்டியது. அதே ஆய்வில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு நோய்க்கு ஆட்பட்டிருந்தனர். இனவாரியாக நோக்குமிடத்து, அவ்விகிதம் இந்தியரிடையே மிகுந்திருந்தது. ஆகவே, சுகாதாரச் செய்தி நம் மக்களைச் சென்றடையும் முறையை ஆராய்வது தமிழ்த்துறையினருக்கும் உரிய பணியாகும். இச்செய்தி தமிழில் பெயர்க்கப்படுவதோடு அமையாமல் தமிழிலேயே ஆக்கப்பட வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மொழி, பல வாசகர்

தமிழ் பேசுவோர் அனைவரையும் ஒரே வகையினராகக் கருதுவது சுகாதார அறிவிப்புகளில் காணப்படும் முதற்குறை. மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் பயின்று தமிழைச் சரளமாக வாசிப்போர் உளர். தேசியப் பள்ளியில் பயின்று, வீட்டில் தமிழ் பேசினும் மலாயிலேயே வாசிப்போரும் உளர். பள்ளி செல்லும் வாய்ப்பின்றித் தோட்டப்புறத்தில் உழைத்து முதுமையடைந்தோர் செவிவழியாகவே செய்தியைப் பெறுகின்றனர்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. எனினும், 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினரே. இவர்களோடு, தமிழகத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் ஊழியர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோவிட்-19 தொற்று இவ்விடுதிகளில் விரைந்து பரவியது. விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பது அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அரசாங்கத் தரவு. தமிழ், வங்காளம் முதலிய மொழிகளில் உடனுக்குடன் செய்தி தரும் தேவை எத்துணை உயிர்நிலையானது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. உள்ளூர்த் தமிழருக்கு எழுதப்பட்ட அறிவிப்பின் சொற்கள் தமிழகத்திலிருந்து அண்மையில் வந்தவருக்குப் புதியனவாக இருக்கக்கூடும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

சொல்லும் பொருளும்

சுகாதாரத் தமிழில் எழும் சிக்கல்களுள் முதன்மையானது சொல்வேறுபாடு. நூல்வழக்கில் நீரிழிவு எனப்படுவது தமிழகப் பேச்சுவழக்கில் சர்க்கரை வியாதி. மலேசியத் தமிழரிடையே அது இனிப்புநீர். மலாயில் இந்நோயைக் குறிக்கும் 'கென்சிங் மானிஸ்' என்ற வழக்கும் இதையொத்த பொருளுடையதே. இம்மூன்றுள் எது சரி என்று வழக்காடுவதைவிட, கேட்பவருக்கு எது உடனே விளங்கும் என்று நோக்குவதே இங்கு ஏற்புடையது. 'நீரிழிவு (இனிப்புநீர்)' என இரண்டையும் முதலில் ஒருங்கே தந்து, பின்னர் ஒன்றையே தொடர்ந்து ஆள்வது எளிய தீர்வாகும்.

இரண்டாவது, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் நேரும் பொருள்மயக்கம். பரிசோதனையில் தொற்று உறுதியானதை 'முடிவு நேர்மறை' எனப் பெயர்ப்பது அகராதிப்படி பிழையன்று. ஆயின், 'நேர்மறைச் சிந்தனை' போன்ற தொடர்களில் அச்சொல்லை நன்மையோடு இணைத்தே மக்கள் அறிவர். நோயுற்றவர் தாம் நலமாக இருப்பதாக எண்ணி வெளியே சென்றால் அதன் விளைவு அவரோடு நிற்பதில்லை. 'உங்களுக்குத் தொற்று உள்ளது' என்று எழுதின் இம்மயக்கத்திற்கு இடமில்லை. அவ்வாறே, 'உண்ணாநிலைக் குருதிச் சோதனை' என்பதைக் காட்டிலும் 'வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை' என்பது விளக்கமானது. அதனோடு எத்தனை மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும், நீர் அருந்தலாமா என்பதையும் கூறினாலன்றி அச்செய்தி நிறைவு பெறாது.

மூன்றாவது, சொல் தன்னுடன் கொண்டுவரும் சமூகப் பொருள். பெருந்தொற்றுக் காலத்தில் தமிழகத்தில் 'சமூக இடைவெளி', 'சமூக விலகல்' என்னும் தொடர்கள் பரவின. தீண்டாமையின் வரலாற்றை நினைவூட்டுவதால் இத்தொடர்கள் தகா என்ற கருத்தும் எழுந்தது. 'தனிமனித இடைவெளி' என்ற தொடரும் வழக்கிற்கு வந்தது. மலேசிய ஊடகங்கள் 'கூடல் இடைவெளி' என்றும் சிங்கப்பூர் ஊடகங்கள் 'பாதுகாப்பு இடைவெளி' என்றும் ஆண்டன. ஒரே அறிவுரை நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயர் பெற்றதை இவை காட்டுகின்றன. எத்தொடரை ஆண்டாலும், 'ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள்' என்ற நேரடி வாக்கியம் உடனிருந்தால் மட்டுமே அறிவுரை செயலாகும்.

மின்னியல் ஊடகத்தின் இயல்பு

அச்சுத் துண்டறிக்கைக்கு இல்லாத சில தேவைகள் மின்னியல் ஊடகத்திற்கு உண்டு. அவற்றுள் ஒன்று தேடல். கொசுவால் பரவும் காய்ச்சலை மலேசியாவில் டிங்கி என்றும் சிங்கப்பூரில் டெங்கி என்றும் தமிழகத்தில் டெங்கு என்றும் எழுதுகிறோம். ஒருவர் தாம் அறிந்த எழுத்துக்கூட்டலை இட்டுத் தேடும்போது, அருகிலுள்ள சுகாதார அலுவலகத்தின் அறிவிப்பு கிட்டாமல் வேறொரு நாட்டின் செய்தி முன்வரக்கூடும். உதவி எண்ணும் மருத்துவ நடைமுறையும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இதனைச் சிறு குறையாகக் கொள்ளவியலாது. பக்கத்தில் ஒருமுறையேனும் மாற்று வடிவங்களைச் சேர்த்து எழுதுவது பயன் தரும்.

மற்றொன்று எழுத்துருவைப் பற்றியது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. அதன் பின்னரும் நெடுங்காலம் வெவ்வேறு குறியாக்கங்கள் வழங்கியமையால், தமிழ் அறிவிப்புகளைப் படமாக அனுப்பும் பழக்கம் நிலைபெற்றது. இப்பழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. படத்தில் உள்ள எழுத்தைத் திரை வாசிப்பான் படித்துக் காட்டுவதில்லை; எனவே பார்வைக்குறையுடையோர்க்கு அது பயன்படாது. சிறு கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு வெளியே சென்றுவிடும். அறிவுரை மாறிய பின்னும் பழைய படம் நாளின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, செய்தி ஒருங்குறி எழுத்தில் அமைவதும், வெளியிட்ட நாளும் துறையின் பெயரும் அதில் இடம்பெறுவதும் இன்றியமையாதன.

வதந்தியின் ஆற்றலையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர், நோயோடு தவறான தகவலின் பரவலையும் எதிர்த்துப் போராட வேண்டியுள்ளதாக எச்சரித்தார். பூண்டு உண்பது தொற்றைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என அந்நிறுவனமே விளக்கமளிக்க நேர்ந்தது. இத்தகைய செய்திகள் பரவுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மொழி அவற்றுள் ஒன்று. வதந்தி தெரிந்தவர் குரலில், பழகிய தமிழில், வீட்டுச் சமையலறைப் பொருளைச் சான்றாகக் கொண்டு வருகிறது. அரசாங்க அறிவிப்போ பிறமொழி வாக்கிய அமைப்பைச் சுமந்து, செயப்பாட்டு வினைகளால் நிறைந்து வருகிறது. சிங்கப்பூர் அரசாங்கம் பெருந்தொற்றின்போது நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வாட்ஸ்அப் வழி செய்தி அனுப்பியமை நன்முயற்சியாகும். வழி அமைந்தபின், அதில் செல்லும் தமிழின் தரமே எஞ்சிய வினா.

செய்யத்தக்கன

முதலாவதாக, அறிவிப்பு உருவாகும் தொடக்க நிலையிலேயே தமிழறிந்தோர் இடம்பெற வேண்டும். ஆங்கிலத்திலோ மலாயிலோ முடிவு செய்யப்பட்ட வாசகத்தை இறுதி நாளில் மொழிபெயர்ப்பாளரிடம் தருவதால் பிழைகள் பெருகுகின்றன. இரண்டாவதாக, பொதுச் சொற்றொகுதி ஒன்று வேண்டும். சிங்கப்பூரில் 2014இல் அமைக்கப்பட்ட தேசிய மொழிபெயர்ப்புக் குழு போன்ற ஏற்பாடுகள் இதற்கு வழிகாட்டும். இயந்திர மொழிபெயர்ப்பு வரைவுக்கு உதவலாம். மருந்தளவும் மறுப்புச் சொல்லும் உள்ள வாக்கியங்களை மனிதர் ஒருவர் சரிபார்த்தே வெளியிட வேண்டும்.

மூன்றாவதாக, வெளியிடுமுன் சோதித்தல் வேண்டும். முதியவர், இளையர், விடுதி ஊழியர் எனச் சிலரிடம் வாசகத்தைக் காட்டி, 'இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று வினவினால் போதும். 'புரிந்ததா?' என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதை கருதி 'ஆம்' என்றே விடையளிப்பர். நான்காவதாக, எழுத்தோடு ஒலிவடிவும் தரப்பட வேண்டும். ஐந்தாவதாக, இருமொழி அமைப்பு நன்று. ஆங்கிலமோ மலாயோ வாசிக்கும் பேரப்பிள்ளையும் தமிழ் கேட்கும் பாட்டியும் ஒரே அறிவிப்பை வைத்து உரையாட அது இடமளிக்கும்.

இப்பணியில் தமிழாசிரியருக்குச் சிறப்பிடம் உண்டு. மருந்துச் சீட்டு, தடுப்பூசி அறிவிப்பு, பகிரப்பட்ட வதந்தி ஆகியவற்றைக் கருத்துணர்தல் பயிற்சியாக வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். 'இதனை எழுதியவர் யார்? எந்நாளில்? சான்று யாது?' எனக் கேட்கப் பழகிய மாணவர் வீட்டிற்கும் அவ்வினாவை எடுத்துச் செல்வர்.

முடிவுரை

சுகாதாரச் செய்தி மக்களைச் சென்றடைந்ததா என்பதை அது எத்தனை மொழிகளில் வெளிவந்தது என்பதைக் கொண்டு அளப்பது போதாது. அதனைப் படித்தவர் அல்லது கேட்டவர் உரிய நேரத்தில் உரியதைச் செய்தாரா என்பதே அளவுகோல். கலைச்சொல்லாக்கத்தில் நெடுங்காலம் உழைத்துவந்துள்ள நம் தமிழ்த்துறைகள், அச்சொற்கள் மருந்தகத்திலும் கைப்பேசியிலும் எவ்வாறு பொருள் கொள்ளப்படுகின்றன என்பதையும் ஆய்வுப் பொருளாக்க வேண்டும். அடுத்த நோய்ப்பரவல் வருமுன் இவ்வாய்வு தொடங்கப்படுதல் நலம்.