பிறந்த நாளில் ஒளிந்திருந்த எண்

அமெரிக்காவில் 1935இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, மறு ஆண்டின் இறுதியில் உழைப்பாளர்க்கு ஒன்பது இலக்க எண் வழங்கத் தொடங்கினர். ஊதியக் கணக்கைப் பதிவதற்கென அமைந்த எண் அது. முதல் மூன்று இலக்கங்கள் நிலப்பகுதியையும், நடுவிரண்டு வழங்கல் தொகுதியையும், இறுதி நான்கு தொடர் வரிசையையும் குறித்தன. கோப்புகளை அடுக்கும் எழுத்தர்க்கு உகந்த அமைப்பு. மறைத்துக் காக்கவென்று அதை எவரும் வகுக்கவில்லை. பின்னாளில் வங்கிகளும் கடன் தகவல் நிறுவனங்களும் ஒருவர் இன்னார் என்று குறிக்கவும், அவர்தாம் என்று மெய்ப்பிக்கவும் அந்த ஒரே எண்ணைக் கைக்கொண்டன. கதவிலக்கத்தையே திறவுகோலாக்கிய பிழை இது. குழந்தைகளின் அடையாளத் திருட்டுக்கு வேர் இங்கேதான் என்பது என் துணிபு.

தொடக்கத்தில் வேலைக்குச் செல்லும் அகவையில்தான் பெரும்பாலோர் இவ்வெண்ணைப் பெற்றனர். 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், வரிக்கணக்கில் காட்டப்படும் ஐந்து அகவை நிரம்பிய பிள்ளைகளுக்கும் எண் வேண்டுமென்றது. 1989 அளவில், பிறப்புப் பதிவோடு சேர்த்தே எண் வழங்கும் முறை நாடெங்கும் பரவியது. பெற்றோர்க்கு அலைச்சல் குறைந்தது. ஆனால் பிறந்த நாளும் எண் வழங்கிய நாளும் நெருங்கிவிட்டன. எண்ணை ஊகித்தறியும் வழி அந்நெருக்கத்தில் பிறந்தது.

அவ்வழியைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலெஸ்ஸாண்ட்ரோ அக்விஸ்டியும் ரால்ஃப் கிராஸும். 2009இல் வெளியான அவர்களது ஆய்வு, இறந்தோரின் எண்களைக் கொண்டது. இறந்தவர் பெயரில் மோசடி நேராதிருக்க அரசே வெளியிட்டுவந்த பட்டியல் அது! பிறந்த மாநிலம், பிறந்த நாள் என்று அவற்றை வரிசைப்படுத்தியபோது எண்களின் ஏறுமுகம் தெளிவாகப் புலப்பட்டது. 1988க்குப் பின் பிறந்தோரில் 44 விழுக்காட்டினரின் முதல் ஐந்து இலக்கங்கள் ஒரே முயற்சியில் பிடிபட்டன. 1973 முதல் 1988 வரை பிறந்தோரில் அது 7 விழுக்காடே. ஐந்து இலக்கங்கள் தெரிந்தால் எஞ்சுவன பத்தாயிரத்துக்கும் குறைவான வாய்ப்புகள். மக்கள்தொகை சிறுத்த மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம்: டெலவரில் 1996இல் பிறந்தோரில் இருபதில் ஒருவரது முழு எண்ணையும் பத்து முயற்சிகளுக்குள் கண்டறிய முடிந்தது. பிறந்த ஊரும் நாளும் போதும் என்றாகிவிட்டது. அவ்விரண்டையும் படத்தோடு ஊரறிய அறிவிப்பவர்கள் பெற்றோரே அல்லரோ?

2011 ஜூன் 25 முதல் எண்கள் சமவாய்ப்பு முறையில் வழங்கப்படுகின்றன. நிலமும் காலமும் எண்ணிலிருந்து நீங்கின. நம் ஆதார் எண் தொடக்கத்திலேயே இவ்வாறு பொருளற்ற எண்ணாக வடிக்கப்பட்டது. ஒப்பிடத் தக்க நல்ல முடிவு அது.

எனினும் ஒரு நோய்க்கு இட்ட மருந்து மற்றொரு நோய்க்கு இடம் கொடுத்தது. பழைய எண்ணைப் பார்த்தால் அது ஏறத்தாழ எப்போது வழங்கப்பட்டது என்று கடன் கொடுப்பவர் அறிய முடிந்தது. நாற்பது அகவை மனிதர் அண்மையில் வழங்கிய எண்ணோடு வந்தால் ஐயுற்றனர். புதிய எண்ணில் அத்தடயம் இல்லை. திருடன் ஒரு குழந்தையின் எண்ணோடு கற்பனைப் பெயரையும் வேறொரு பிறந்த நாளையும் இணைத்துக் கடன் கேட்கிறான். முதல் விண்ணப்பம் தள்ளப்படலாம். ஆனால் தள்ளப்பட்டதே கடன் தகவல் நிறுவனத்தில் ஒரு கோப்பைத் தொடங்கிவைக்கிறது! இல்லாத மனிதன் அங்கே உருப்பெறுகிறான். அவன் பெயரில் திருடன் சிறு கடன்களை ஒழுங்காகக் கட்டி மதிப்பேற்றி, பெருந்தொகை பெற்றபின் மறைகிறான். எண்ணுக்குரிய பிள்ளை கல்விக்கடன் கேட்கும் அகவை வரை அக்கோப்பைத் திறந்து பார்ப்பார் இலர்.

2011இல் கார்னகி மெலன் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, ஆராய்ந்த 42,232 பிள்ளைகளில் 4,311 பேரின் எண்களை வேறு எவரோ பயன்படுத்தியதைக் கண்டது. சமவாய்ப்பில் எடுத்த மாதிரி அன்று அது. ஆதலால் நாடு முழுமைக்கும் அதை விரித்துரைத்தல் தகாது.

2018ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று இரு வழிகளில் மாற்றம் கொணர்ந்தது. பெயர், பிறந்த நாள், எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று வங்கிகள் அரசிடம் மின்வழியே கேட்டறிய வகைசெய்தது. பதினாறு அகவைக்குட்பட்டோரின் கடன் கோப்பைப் பெற்றோர் கட்டணமின்றி முடக்கிவைக்கவும் வழிவிட்டது. கோப்பே இல்லாத குழந்தைக்கு, முடக்குவதற்கென்றே ஒரு பதிவை உண்டாக்குகிறார்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் பிறப்புச் சான்று முதலியவற்றைத் தனித்தனியே அனுப்ப வேண்டும்.

முடக்கத்தை நீக்கும் உரிமையும் பெற்றோரிடமே இருக்கிறது. ஆனால் பிள்ளையின் எண்ணைக் களவாடுபவர் பல நேரங்களில் நெருங்கிய உறவினர், சிலபோது பெற்றோரே. கடனில் மூழ்கிய குடும்பம் மின் இணைப்பைப் பிள்ளையின் பெயரில் பெறுவதும் இதில் அடங்கும். வளர்ப்பு இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் அரசின் பொறுப்பில் வாழும் பிள்ளைகளின் எண்கள் பல கைகளில் புழங்குவதால், அவர்கட்கு மட்டும் அமெரிக்க நடுவணரசுச் சட்டம் தனிக்காப்பு அளிக்கிறது: பதினான்கு அகவை முதல் ஆண்டுதோறும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்து, பிழையிருப்பின் திருத்த உதவ வேண்டியது அலுவலர் கடமை. சொந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அத்தகைய ஆண்டுச் சோதனையைச் செய்யக் கடமைப்பட்டவர் எவரும் இலர்.