பெயர் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மோட்டார் வாகன விற்பனை நிலையமொன்றில் பணியாற்றி வந்த எட் ஓபேனன் என்பவருக்கு, நண்பரின் மகன் ஒரு நாள் வீடியோ விளையாட்டு ஒன்றைக் காட்டினான். திரையில் ஓடியாடிய கூடைப்பந்து வீரன் சாட்சாத் ஓபேனனே! அதே இடக்கை ஆட்டம். அதே 31ஆம் எண் சட்டை. 1995இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அணி தேசிய வாகை சூட உழைத்தவர் அவர். அவருடைய உருவத்தை வைத்து யார் யாரோ பொருளீட்ட, அவருக்கோ ஒரு காசும் இல்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார்.

'கல்லூரியில் ஆடுபவன் மாணவன். உதவித்தொகைக்கு மேல் அவன் எதுவும் பெறலாகாது' என்பது அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகமான என்.சி.ஏ.ஏ.வின் நெடுநாள் விதி. இவ்விதியின் பின்னால் துயரக் கதையொன்று உண்டு. 1955இல் கொலராடோவில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகையில் தலையில் அடிபட்டு ஒரு மாணவர் மாண்டார். அவருடைய மனைவி இழப்பீடு கோரினார். கால்பந்து அக்கல்லூரியின் தொழிலன்று எனக் கூறி, 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் தொடரே இத்தகைய இழப்பீட்டு வழக்குகளைத் தவிர்க்கப் புனைந்ததுதான் என்று, கழகத்தை 1951 முதல் 1988 வரை நடத்திய வால்டர் பையர்ஸ் பிற்காலத்தில் எழுதினார். அரங்கம் நிறையக் கூட்டம், தொலைக்காட்சி உரிமைக்குக் கோடிக்கணக்கான டாலர், பயிற்றுநருக்குப் பெருஞ்சம்பளம். வியர்வை சிந்துபவன் மட்டும் மாணவன்! 2014இல் தேசிய வாகை சூடிய கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கச் செல்வதாகக் கூறியபோது நாடே திகைத்தது.

ஓபேனன் வழக்கில் 2014இல், கழகத்தின் தடை வணிகப் போட்டிச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் அதன் பலன் குறைந்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம், மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாமெனச் சட்டம் இயற்றிற்று. 2021 ஜூனில், கல்விச் சலுகைகள் பற்றிய வேறொரு வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கழகத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1ஆம் நாள் கழகமும் தடையை நீக்கிற்று.

அன்றே ஃபிரெஸ்னோ பல்கலைக்கழகத்தின் இரட்டைச் சகோதரியரான கேவிண்டர் மங்கையர் கைப்பேசி நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தனர். ஆட்டத்திறன் மட்டுமன்றிச் சமூக ஊடகங்களில் அவர்களைப் பின்தொடர்ந்த இலட்சக்கணக்கானோரும் அவர்களுக்கு மதிப்புத் தேடித் தந்தனர். இங்குதான் நம் மனம் சற்றே தயங்குகிறது. பந்தை எறியக் கற்ற பிள்ளை, இனித் தன் முகத்தையும் விற்கக் கற்க வேண்டும். நாள்தோறும் படமெடுத்து வெளியிட வேண்டும். படிப்புக்குரிய நேரம் எங்கே? மேலும், செல்வந்த ஆதரவாளர்கள் கூட்டாகப் பணந்திரட்டி, 'விளம்பரம்' என்ற பெயரில் வீரர்களைத் தம் கல்லூரிக்கு இழுப்பதும் பெருகிற்று. ஆயினும் பழைய முறையே நன்றென்று கூற நமக்கு மனம் வரவில்லை.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகள் தாமே வீரர்களுக்குப் பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு, கல்லூரி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைத் தெரிவித்து அனுமதி பெறவேண்டும். வருமான வரியோ, பெரும்பாலும் பிடித்தம் செய்யப்படாமல் மாணவனின் தலையிலேயே விழும். கிடைத்ததையெல்லாம் செலவழித்துவிட்டு, பின்னர் வரிக்குப் பணமின்றித் திண்டாட நேரிடலாம்.

விளையாட்டு உதவித்தொகையில் மக்களை அங்கு அனுப்ப எண்ணும் நம் பெற்றோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். மாணவர் விசாவில் செல்வோர் வேலை செய்து பொருளீட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. 2023, 2024 ஆகிய ஈராண்டும் நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வு பெற்ற ஸாக் ஈடி, கனடா நாட்டவராதலால், உடன் ஆடிய அமெரிக்க மாணவர்களைப் போலத் தாராளமாக விளம்பர ஒப்பந்தங்களை ஏற்க இயலாதவராகவே இருந்தார்.