பந்தலில் காயும் பனாட்டு

ஆவணி மாதத்து இரவு. ஊர் உறங்கிவிட்டது. வளவின் மூலையில் 'தொப்' என்று ஓர் ஓசை. கள்வனோ என்று பதறி எவரும் எழுந்து பார்ப்பதில்லை. பனம்பழம் விழுந்த ஓசை அது!

யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே உறங்கி, விடியுமுன் கடகத்தைத் தூக்கிக்கொண்டு பனங்கூடலுக்கு ஓடிய காலம் உண்டு. முந்தியவனுக்குப் பழம், பிந்தினால் அது மாட்டுக்கு!

ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை பனம்பழம் காசில்லாமல் குவியும். ஆனால் விழுந்த பழம் வெகு நாள் தாங்காது; புளித்துப் புழு வைத்துவிடும். அடுத்து வருவதோ ஐப்பசி, கார்த்திகை மழை. வேலையும் குறைவு, வீட்டில் கையிருப்பும் குறைவு. நிறைந்த காலத்துப் பழத்தைக் குறைந்த காலத்துக்குச் சேமிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு அவ்வூர்ப் பெண்கள் கண்ட விடைதான் பனாட்டு. பேச்சு வழக்கில் 'பினாட்டு' என்பார்கள்.

மரம் அறிந்து பழம் எடு!

எல்லாப் பனையும் ஒரே சுவை தருவதில்லை. ஒரு மரத்துப் பழம் இனிக்கும். பக்கத்து மரத்துப் பழம் கைக்கும். 'பிளபெலிபெரின்' என்ற பொருளே அந்தக் கைப்புக்குக் காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பெயர் அறியாவிட்டாலும் பாட்டிமார் மரத்தை அறிந்திருந்தார்கள். இது களிக்கு, இது மாட்டுக்கு என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார்கள்.

செய்யும் விதம்

நன்றாகப் பழுத்த பழத்தைக் கழுவித் தொப்பியைக் கழற்ற வேண்டும். கறுத்த தோலை உரித்து, கொட்டைகளைத் தனித்தனியே பிரித்து, சிறிது நீர் தெளித்துப் பிசைய வேண்டும். தும்போடு ஒட்டியிருக்கும் களி மெல்ல இளகி வரும். அதைத் தும்பு இல்லாமல் வடித்துக்கொண்டால், மஞ்சள் குழைத்தாற்போன்ற பனங்களி தயார். கண்ணுக்கு நலம் தரும் கரோட்டின் சத்து அந்த நிறத்திலேயே இருக்கிறது.

முற்றத்தில் கோழியும் நாயும் எட்டாத உயரத்தில் பந்தல் இட்டு, அதன்மேல் ஓலைப்பாய் விரிப்பார்கள். பாயில் களியை மெல்லிதாகப் பூசுவார்கள். அது காய்ந்த பின் அதன்மேல் அடுத்த பூச்சு. இப்படி நாள்தோறும் பூசப் பூசத் தடிப்பு ஏறும்.

ஒரே நாளில் தடிப்பாக ஊற்றினால் என்ன? மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிவிடும். உள்ளே சிக்கிய ஈரம் புளிக்கத் தொடங்கும். பூஞ்சணமும் பிடிக்கும். ஈரம் வற்றினால்தான் கிருமிக்கு வாழ்வில்லை. ஆகவே அவசரக்காரருக்குப் பனாட்டு வாய்க்காது!

வானத்தையும் கண் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தூறல் விழுந்தால் பல நாள் உழைப்பு வீண். மேகம் கறுத்தால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுப் பாயை எடுக்க ஓட வேண்டியதுதான்.

காய்ந்து தோல்போல் ஆனதும் உரித்து, துண்டுகளாக வெட்டி, ஓலைப்பெட்டியில் இட்டு, அடுப்புப் புகை படும் இடத்தில் வைப்பார்கள். புகைக்கு அஞ்சிப் பூச்சி வராது. மழை நாளில் ஒரு துண்டைத் தேங்காய்ச் சொட்டோடு வாயில் இட்டுக்கொண்டால் பசி அடங்கும். பனம்பாணியில் ஊறவைத்து, மிளகும் எள்ளும் சேர்த்தால் அதுவே விருந்தினருக்கு வைக்கும் 'பாணிப்பனாட்டு'.

பிரித்து வைத்த கொட்டைகளும் வீணில்லை. மழைக்கு முன் பாத்தியில் அடுக்கினால், தை மாத அளவில் கிழங்கு பிடுங்கலாம். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காய வைத்தால் ஒடியல்.

இன்று?

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் பனைகள் பல அழிந்தன; பதுங்குகுழிகளுக்காகவும் பல தறிக்கப்பட்டன. 1978-ல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள்களை வளர்க்க முயன்று வருகிறது. கடையில் பனாட்டு வாங்கவும் முடிகிறது. ஆனால் வீட்டு முற்றத்துப் பந்தல்கள் அருகிவிட்டன.

பழத்துக்கு விலை இல்லை, வெயிலுக்கும் விலை இல்லை. இதற்கு வேண்டியது இரண்டு மூன்று வாரப் பொறுமைதான். இன்று அதற்குத்தான் பஞ்சம்! முதிய கைகள் ஓயுமுன் இளைய கைகள் ஒருமுறையாவது களி பிசைந்து பழக வேண்டும். எந்த மரம் இனிக்கும் என்ற செய்தி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பாட்டியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணி இரவில் பனம்பழம் இன்றும் விழுகிறது. விடியுமுன் கடகத்தோடு போக ஆள்தான் வேண்டும்.