பழகிய கால்களே நெடுவழி செல்லும்

பந்தயத்துக்குப் பழகுவோரின் கட்டுப்பாட்டைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விசுவாச வாழ்வுக்கு உவமையாக்கினார். உடலை அடக்கிப் பழக்குவதும் ஒரு தவமே என்பது திருச்சபை நெடுங்காலமாக அறிந்த உண்மை.

இன்று நம் பங்குகளில் இளைஞரும் நடுவயதினரும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தில் ஆர்வம் கொள்கின்றனர். ஆர்வம் நன்று. ஆயினும் முதல் வாரத்திலேயே நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறு வாரம் முழங்கால் வலியோடு வண்டியைச் சுவரில் சாத்திவைப்பதால் பயன் என்ன?

ஒரு விசுவாசியின் முன்மாதிரி

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்கருகே 1914-இல் பிறந்தவர் ஜினோ பார்த்தாலி. கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். 'தூர் தெ பிரான்ஸ்' என்னும் பெரும் மிதிவண்டிப் போட்டியில் 1938-இல் வெற்றி பெற்றார். இடையே உலகப் போர் மூண்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1948-இல், தமக்கு 34 வயது நிறைந்த மாதத்திலேயே மீண்டும் வென்றார். அப்போட்டியில் இரு வெற்றிகளுக்கிடையே இத்துணை நீண்ட இடைவெளி வேறெவருக்கும் இருந்ததில்லை.

அவருடைய பயிற்சிக்கு வேறொரு பணியும் வாய்த்தது. ஜெர்மானியப் படைகள் இத்தாலியை ஆக்கிரமித்திருந்த 1943-44 ஆண்டுகளில், ஃபிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா துணைநின்ற மறைமுக உதவிப் பணியில் அவர் தூதரானார். யூதரைக் காப்பதற்கான போலி அடையாளச் சீட்டுகளையும் நிழற்படங்களையும் மிதிவண்டியின் குழாய்க்குள் மறைத்து, ஃபிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே கொண்டு சென்றார். வழியில் கண்டோருக்கு அவர் பயிற்சி செய்யும் வீரராகவே தோன்றினார். எருசலேமிலுள்ள யாத் வாஷேம் நினைவகம் 2013-இல் அவரை 'நீதிமான்' எனப் போற்றிக் கௌரவித்தது.

ஆபத்து நாளில் அக்கால்கள் உதவின. ஏனெனில் அமைதியான நாள்களில் அவை பழகியிருந்தன.

தொடங்கும் முறை

முதலில் வண்டி உடலுக்குப் பொருந்த வேண்டும். பெடல் கீழே நிற்கையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்குமாறு இருக்கையின் உயரத்தை அமைக்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். பளுவான கியரில் முக்கி மிதிப்பதைவிட, இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 அல்லது 90 சுற்றுகள் மிதிப்பது மூட்டுகளுக்கு நல்லது.

தொடக்கத்தில் வாரம் மூன்று நாள்கள் போதும். இரு நாள்கள் முக்கால் மணி நேரம், ஒரு நாள் ஒன்றரை மணி நேரம். உடன் வருபவரோடு தடையின்றி உரையாடக்கூடிய வேகமே சரியான வேகம். மெதுவாக ஓட்டினால் விரைவு எவ்வாறு கூடும் என்று வினவலாம். அத்தகைய நீண்ட உழைப்பில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இவ்வடித்தளம் இன்றி வேகம் நிலைக்காது.

பயிற்சி நேரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாகாது. நான்காம் வாரந்தோறும் சற்றுக் குறைத்துக்கொள்வது நலம். இரண்டு மாதம் கடந்த பின், வாரம் ஒரு நாள் கடும்பயிற்சி சேர்க்கலாம்: நான்கு நிமிடம் வேகமாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும், நான்கு முறை. மறுநாள் கட்டாயம் ஓய்வு.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் கிடைக்கும். தாகம் முற்றுமுன் தண்ணீர் அருந்துங்கள். தலைக்கவசம் இன்றிப் புறப்படாதீர்கள். நாற்பது வயதைக் கடந்தோரும், நீரிழிவோ இதயநோயோ உள்ளோரும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

ஓய்வும் கடமையே

உடல் வலிமை பெறுவது உழைக்கும் வேளையில் அன்று; உழைத்தபின் உறங்கும் வேளையில்தான். ஆறு நாள் உழைத்து ஒரு நாள் ஓய்ந்திருக்கச் சொன்ன ஆண்டவர் நம் உடலின் இயல்பை அறிந்தவர். ஆகவே ஞாயிறன்று திருப்பலிக்கும் குடும்பத்துக்கும் முதலிடம் கொடுங்கள். வீட்டாரை மறந்து ஓட்டும் வண்டி எத்தனை விரைவாகச் சென்றாலும் வழி தவறியதே.

வட இத்தாலியின் கிசால்லோ குன்றிலுள்ள அன்னை மரியாளை, மிதிவண்டி வீரரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அறிவித்தார். அச்சிற்றாலயத்தில் புகழ்பெற்ற வீரர்களின் வண்டிகள் காணிக்கையாக வைக்கப்பட்டுள்ளன. நாமும் நம் பயிற்சியை அன்னையின் பாதத்தில் வைப்போம். இன்று பெறும் வலிமை, நாளை ஒரு நோயாளிக்கு மருந்து வாங்கி வரவோ, தனித்திருக்கும் முதியவரைச் சந்திக்கவோ பயன்படுமாயின், நாம் மிதித்த ஒவ்வொரு சுற்றும் செபமாகும்.