ஆங்கிலச் சொல் வழக்கு: 'செட்டில்'

ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் படியாத முதியவர்கள்கூட நாள்தோறும் கூசாமல் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'செட்டில்' என்பது முன்வரிசையில் நிற்பது. பிள்ளை சென்னையில் செட்டில் ஆகிவிட்டான் என்கிறோம். மளிகைக் கடைப் பாக்கியைச் செட்டில் பண்ணியாயிற்று என்கிறோம். வரப்புத் தகராறு ஒருவழியாகச் செட்டில் ஆயிற்று என்கிறோம். தாத்தா வீட்டைப் பேரன் பேரில் செட்டில்மெண்ட் எழுதி வைத்தார் என்கிறோம். இவ்வளவு பழகிய சொல்லை ஆங்கில வாக்கியத்தில் வைத்து எழுத நேரும்போது மாத்திரம் மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், இந்த அர்த்தங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற தனித்தனிச் சொற்களைப்போல அவர்கள் மனத்தில் கிடப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஆங்கிலத்தில் ஆசனத்தைக் குறித்த ஒரு பதத்திலிருந்து பிறந்தது இச்சொல். உயர்ந்த முதுகு வைத்த மர விசிப்பலகை ஒன்றுக்கு ஆங்கில நாட்டில் இன்றளவும் 'செட்டில்' என்றே பெயர். அலைந்து கொண்டிருந்த ஒன்று அலைச்சல் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவதுதான் இதன் ஆதிப் பொருள். உடையார்பாளையம் பக்கத்துச் செம்மண் பூமியில், மழை பெய்த மறுநாள் கலங்கிக் கிடக்கும் ஏரித் தண்ணீரை மொண்டுவந்து, மண்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நன்றாக இழைத்து, அதில் அந்தத் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால், சற்று நேரத்தில் செந்நிறமெல்லாம் அடியில் வண்டலாகப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். இதைக் கண்ட தமிழர் தண்ணீரை நோக்கித் 'தெளிந்தது' என்றார்கள். ஆங்கிலேயர் அடியில் இறங்கிய மண்ணை நோக்கிச் 'செட்டில் ஆயிற்று' என்றார்கள். ஆகவே இச்சொல்லைக் கையாளும்போதெல்லாம், இதற்கு முன் அலைந்தது எது, இப்போது படிந்தது எது என்று கேட்டுக்கொண்டால் பொருள் தானே விளங்கும்.

மனிதர் ஓரிடத்தில் குடியமைவதைச் சொல்லும் பிரயோகத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே மாணவர்கள் 'ஸ்டே' என்பதையும் 'செட்டில்' என்பதையும் மயக்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட உடையார்பாளையத்துச் சரித்திரத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் நான் அறியேன். அவுரங்கசீப்பின் படைகளுக்கு அஞ்சி, 1688-ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளின் திருவுருவத்தைப் பக்தர்கள் இரகசியமாக எடுத்துச் சென்று, காடு சூழ்ந்த உடையார்பாளையத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆபத்து நீங்கிய பிறகு காஞ்சியிலிருந்து வந்து கேட்டபோது, தினந்தோறும் சேவித்து அந்தத் திருமேனியிலே நெஞ்சைப் பறிகொடுத்துவிட்ட அவ்வூர்ப் பாளையக்காரர் தர மறுத்தார். ஆத்தான் ஜீயர் என்னும் பெரியவரின் வேண்டுகோளின்படி, கர்நாடக சுபேதாராகிய சாதத்துல்லாகானின் சேனாபதி லாலா தோடர்மால் முனைந்து வந்து, பாளையக்காரரைப் பணியவைத்து, 1710-இல் பெருமாளைக் காஞ்சிக்குத் திரும்ப எழுந்தருளச் செய்தார் என்று காஞ்சிக் கோயில் கல்வெட்டே கூறுகிறது. இருபத்திரண்டு வருஷங்கள் இருந்தபோதிலும், இதை எழுதப் புகும் ஆங்கிலேயர் பெருமாள் உடையார்பாளையத்தில் 'ஸ்டே' செய்தார் என்றுதான் எழுதுவார்; திரும்பிப்போக வேண்டிய ஊர் ஒன்று காத்திருக்கும்வரையில் 'செட்டில்' என்ற சொல் அங்கே பொருந்தாது. இதற்குக் காலத்தின் நீளம் அளவன்று; மனத்தின் முடிவே அளவு.

அந்தப் பாளையக்காரர்களின் வழிவந்த கச்சி யுவரங்கரின் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையர் என்னும் சங்கீத வித்துவானுக்கோ அச்சொல் முழுதும் பொருந்தும். தஞ்சை அரண்மனையிலும், திருவிடைமருதூரில் அமரசிம்மரிடத்திலும் இருந்துவிட்டு, பிறகு தாம் பிறந்த சீமையைச் சேர்ந்த உடையார்பாளையத்துக்கே வந்து சமஸ்தான வித்துவானாக நிலைத்தவர் அவர். அவர் சரித்திரத்தைத் தனி நூலாக எழுதிய உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவரிடத்திலே சங்கீதம் பயின்றவர். அந்தத் தந்தையாரோ அரியலூர், குன்னம், காரை என்று ஊர் ஊராகக் குடும்பத்துடன் பெயர்ந்துகொண்டிருந்தார். அவர் சென்ற இடங்களில் வாழ்ந்தார் எனலாம். 'செட்டில் ஆனார்' என்று சொல்ல முடியாது.

தகராறு தீர்வதைச் சொல்லும்போது ஒரு நுட்பத்தை நினைவில் வைக்க வேண்டும். தோடர்மால் வந்து பெருமாளை மீட்டதும் விவகாரம் 'செட்டில்' ஆயிற்று. ஆனால் பாளையக்காரர் மனம் சமாதானம் அடைந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. வழக்கு ஓய்ந்தது என்பதற்குமேல் இச்சொல் எதையும் உறுதி கூறுவதில்லை. இருதரப்பும் மனம் ஒத்து இசைந்ததைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு சொற்களை நாட வேண்டும்.

இதே நுட்பம் நம் குடியானவர்களின் வாழ்வில் நூறாண்டுக்கு மேலாகத் துன்பமாகவே படர்ந்திருந்தது. 1801-இல் கர்நாடகம் கும்பெனியார் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டின் 25-ஆவது ரெகுலேஷன் 'பெர்மனெண்ட் செட்டில்மெண்ட்' என்ற ஏற்பாட்டைச் சென்னை மாகாணத்தில் விதித்தது. பழைய பாளையங்கள் பலவும், உடையார்பாளையம் உட்பட, இவ்வழியே ஜமீன்களாயின. ஜமீன்தார் சர்க்காருக்குச் செலுத்தும் பேஷ்குஷ் என்றென்றைக்கும் மாறாத தொகையாயிற்று. அலைந்துகொண்டிருந்த வரி படிந்துவிட்டது என்ற கருத்திலே வைத்த பெயர் அது. படிந்தது சர்க்காரின் கணக்கும் ஜமீன்தாரின் கணக்குமே. ஏர் பிடித்தவன் கட்டவேண்டிய வாரத்துக்கும், அவன் காலூன்றி நின்ற நிலத்தின்மேல் அவனுக்குள்ள உரிமைக்கும் அந்த ஸ்திரத்தன்மை வரவில்லை. ஜமீன் நிலங்களின் குடிகளுக்கு நிலைத்த சாகுபடி உரிமையைத் தெளிவாக அளித்த எஸ்டேட் நிலச் சட்டம் 1908-இல்தான் பிறந்தது. ஜமீன்களை ஒழித்த சட்டம் வர 1948 ஆயிற்று. அதன் பின்னரும் நிலங்களை அளந்து, உரியவர் யாரென விசாரித்து ரயத்துவாரிப் பட்டா வழங்க வந்த அதிகாரிக்குச் 'செட்டில்மெண்ட் ஆபீசர்' என்றே பெயர். ஆங்கிலப் பத்திரங்களில் இச்சொல்லைக் காணும் மாணவன், யாருக்குச் செட்டில் ஆயிற்று என்று கேளாமல் மேலே செல்லக்கூடாது. 'செட்லர்' என்ற பதமும் அவ்வாறே. வெற்று நிலத்தில் அமைதியாகக் குடியேறியவர்போல ஒலிக்கும் அந்தப் பதத்துக்குப் பின்னே, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்நிலத்தை இழந்த ஆதிக்குடிகள் நிற்கிறார்கள்.

'செட்டில்' என்பதுடன் 'ஃபார்' சேர்ந்தால் விரும்பியதைவிடக் குறைவானதற்கு இணங்குதல் என்றாகும். பட்டு நெசவாளி தான் கேட்ட கூலி கிடைக்காமல் வியாபாரி கொடுத்ததை வாங்கிக்கொண்டால் இந்தப் பிரயோகம் பொருந்தும். 'டௌன்' சேர்ந்தால் நிலையான வாழ்வில் அமைதல். அதன்மேல் 'டு' வந்தால் ஒரு வேலையில் மனம் பதிந்து உட்கார்தல். நம் வரன் விளம்பரங்களில் வரும் 'வெல் செட்டில்ட்' என்பதை வெளிநாட்டாருக்கு எழுதும் கடிதத்தில் தவிர்ப்பது நலம். உத்தியோகமும் வருமானமும் அதில் அடங்கும் என்று நாம் எண்ணுகிறோம்; ஆங்கிலேயர் செவியில், புது இடம் அவருக்குப் பழகிவிட்டது என்பதே முதலில் ஒலிக்கும்.

கடைசியாக, பத்திர எழுத்தர்களின் கையில் நித்தம் புழங்கும் செட்டில்மெண்ட். விலை வாங்காமல், விவாகத்தை முன்னிட்டோ, குடும்பத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவோ, தர்மத்திற்காகவோ சொத்தை எழுதி வைப்பது இது. உயில் எழுதியவரின் காலத்திற்குப் பிறகே பலிக்கும்; செட்டில்மெண்டோ அவர் உயிரோடிருக்கையிலேயே உரிமையை மாற்றிவிடும். ஆகையால் முதியவர்கள் தாங்கள் ஆயுள்வரை வசிக்கும் பாத்தியத்தைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இதைக் கவனியாமல் கையெழுத்திட்டுவிட்டு வருந்துவோர் எங்கும் உண்டு. ஆங்கிலத்தில் இதை எழுதும் மாணவர்களில் பலர், 'மகனுக்கு' என்ற நான்காம் வேற்றுமையை நினைத்துக்கொண்டு 'டு' என்று போட்டுவிடுகிறார்கள். அங்கே வரவேண்டியது 'ஆன்' என்பது. நம் பத்திர எழுத்தர்கள் 'என் குமாரன் பேரில்' என்று எழுதும் அந்தப் 'பேரில்' என்ற இடத்தில்தான் அது நிற்கிறது.