சிறுநீரகம் பொருந்துமா? ஒளிரும் நுண்மணிகள் தரும் விடை

சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை நாடித் திருத்தணியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் சென்னைக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ செல்வோரின் கோப்பில் ‘லூமினெக்ஸ்’ என்னும் சொல் இடம்பெறுவதுண்டு. அது எதைக் காட்டுகிறது, அதற்கு முன் நோயாளி எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

இரத்தப் பிரிவு ஒத்திருந்தாலே சிறுநீரகம் பொருந்திவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது முதற்படி மட்டுமே. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் உள்ளன. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். பிறருடைய புரதங்களை நம் உடல் முன்னரே சந்தித்திருந்தால், அவற்றைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உருவாகியிருக்கலாம். இரத்தம் ஏற்றிக்கொள்ளுதல், கருவுறுதல், முன்பு செய்த உறுப்பு மாற்று ஆகிய மூன்றும் அத்தகைய சந்திப்புகளே. கருவிலுள்ள குழந்தை தந்தையின் புரதங்களையும் தாங்கியிருப்பதால், மனைவிக்குக் கணவர் சிறுநீரகம் அளிக்க முன்வரும்போது இது மிக முக்கியமாகிறது.

1969இல் அமெரிக்காவில் பட்டேல், டெராசாகி ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இதன் தீவிரத்தை உணர்த்தியது. கொடையாளரின் உயிரணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்த 30 மாற்றுகளில் 24 உடனே செயலிழந்தன. அது காணப்படாத 195இல் 8 மட்டுமே அவ்வாறாயின. ஆயினும் அக்காலப் பரிசோதனைக்குக் கொடையாளரின் உயிருள்ள அணுக்கள் தேவைப்பட்டன. செறிவு குறைந்த எதிர்ப்பொருள்கள் அதற்குப் புலப்படாமலும் போயின.

இக்குறையை நீக்க வந்தவையே ஒளிரும் நுண்மணிகள். பாலிஸ்டைரீன் என்னும் பலபடியால் ஆன இம்மணி ஒன்றின் விட்டம் சுமார் 5.6 மைக்ரோமீட்டர், பன்னிரண்டு மணிகளை அடுக்கினால் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன் வரும். ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு ஒளிர்சாயங்கள் வெவ்வேறு அளவில் கலக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சாயத்துக்கும் பத்து அளவுகள் எனக் கொண்டால் 100 வகை மணிகள் கிடைக்கும். ஒவ்வொரு வகையின் மேலும் ஒரு குறிப்பிட்ட எச்.எல்.ஏ. புரதம் பூசப்படுகிறது.

நோயாளியின் சீரம் இம்மணிகளுடன் கலக்கப்படும்போது, எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கியபின், சிவப்புக் கடற்பாசியின் நிறமியைத் தாங்கிய மற்றொரு பொருள் சேர்க்கப்படுகிறது. அது எதிர்ப்பொருளின் மேல் பற்றிக்கொள்ளும். பின்னர் மணிகள் ஒவ்வொன்றாகக் கருவிக்குள் செல்லும். சிவப்பு லேசர் அது எந்த மணி என்று அறியும்; பச்சை லேசர் பட்டதும் எழும் செம்மஞ்சள் ஒளி, எதிர்ப்பொருள் ஒட்டியிருப்பதையும் அதன் செறிவையும் காட்டும்.

அந்த ஒளியின் அளவே அறிக்கையில் ‘எம்.எஃப்.ஐ.’ என்னும் எண்ணாக வருகிறது. இவ்வெண் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடும். ஆகவே அதை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம். பிற நோயாளியின் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். கொடையாளரின் புரதங்களோடு பொருத்திப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். எதிர்ப்பொருள் இருந்தாலும் வழிகள் உண்டு: பிளாஸ்மா மாற்றத்தால் அதைக் குறைக்க முயலலாம், வேறு கொடையாளரை நாடலாம், இரு குடும்பங்கள் தங்களுக்குள் கொடையாளரை மாற்றிக்கொள்ளலாம். இம்மாற்றத்தை 2011ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அனுமதிக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, எத்தனை ஆண்டுகளுக்கு முன் இரத்தம் ஏற்றியிருந்தாலும், பேறுகாலம், கருச்சிதைவு எதுவாயினும் தெரிவியுங்கள். எல்லைப்புற ஊர் ஆதலால், தாய்வீடு நகரியிலோ புத்தூரிலோ இருந்து அங்கே மகப்பேறு நடந்திருந்தால், அக்குறிப்புகள் இங்குள்ள கோப்பில் இருக்கமாட்டா. தெலுங்கில் இருந்தாலும் அவற்றைக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, டயாலிசிஸ் காலத்தில் இரத்தசோகை ஏற்பட்டால், இரத்தம் ஏற்றாமல் ஊசிமருந்தாலும் இரும்புச்சத்தாலும் சரிசெய்ய இயலுமா என்று கேளுங்கள். அவசர நிலையில் மட்டும் இரத்தத்தை மறுக்காதீர்கள். மூன்றாவது, பரிசோதனைக்குப் பின் இரத்தம் ஏற்றப்பட்டால் உறுப்பு மாற்று மையத்துக்கு உடனே தெரிவியுங்கள். பரிசோதனையை மீண்டும் செய்ய நேரிடலாம்.